நல்லாத் திட்டுவது எப்படி? - ஒரு இரைச்சல் ஆல்பத்தை முன்வைத்து

மொத்தம் ஒரு மணி நேரம் நாலு நிமிஷம். பாட்டு கிடையாது, டிரம்ஸ் கிடையாது, தாளம் கிடையாது, மெட்டுன்னு முணுமுணுக்க ஒரு துண்டு கூடக் கிடையாது. முதல் விநாடியில ஆரம்பிக்கிற கிட்டார் கிறீச்சல் கடைசி விநாடி வரைக்கும் மூச்சு விடாம ஓடுது. 1975 ஜூலையில அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி இதை இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. வாங்கினவங்க திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்க, மூணே வாரத்துல விற்பனையில இருந்து எடுத்துட்டாங்க. ஆல்பத்தோட பேரு 'மெட்டல் மெஷின் மியூசிக்'. பண்ணவர் லூ ரீட்.

இதைப் பத்தி எழுதுற யாரும் ரெண்டு கதையில ஒண்ணைத்தான் சொல்வாங்க. முதல் கதை: "ராக் வரலாற்றிலேயே மகா மட்டமான ஆல்பம், கம்பெனி மேல இருந்த கடுப்புல மனுஷன் கொட்டின குப்பை". ரெண்டாவது கதை: "அன்னிக்கு விமர்சகர்கள் புரியாம திட்டினாங்க, காலம் பதில் சொல்லிடுச்சு, இது மாஸ்டர்பீஸ்". எனக்கு ரெண்டுமே ஒத்து வரலை. அந்தக் காலத்து விமர்சனங்களையும் பின்னாடி வந்த பாராட்டுகளையும் வரிசையா படிச்சப்போ எனக்குத் தோணினது வேற. திட்டுறதுலயே நல்ல திட்டு, வெட்டித் திட்டுன்னு ரெண்டு இருக்கு. பாராட்டுலயும் அதே ரெண்டு இருக்கு. இந்த வித்தியாசத்தைத் தெரிஞ்சுக்க இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. வாரத்துக்கு ஒரு படத்தையோ பாட்டையோ பிடிச்சு வெச்சு விமர்சனம் எழுதுற கூட்டம் நாம. அதனாலதான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் சங்கீதம் படிச்சவன் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். ஆரோகணம் அவரோகணம் கேட்டு பின்னூட்டத்துல யாரும் கும்ம வேண்டாம் :))

முதல்ல, அந்தத் தட்டுல என்னதான் இருக்கு?

கல்யாண மண்டபத்துல மைக்செட்காரர் "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிக்கிட்டே ஸ்பீக்கர் பக்கம் போனார்னா "கொய்ய்ய்ங்"னு ஒரு சத்தம் வந்து எல்லாரும் காதைப் பொத்துவோமே, அதுதான் ஃபீட்பேக். மைக் வாங்குற சத்தம் ஸ்பீக்கர்ல வருது, ஸ்பீக்கர் சத்தத்தை மைக் மறுபடி வாங்குது, சுத்திச் சுத்திப் பெருகுது. எலக்ட்ரிக் கிட்டார்லயும் இதே கதைதான். ஆம்ப்ளிஃபையர் சத்தம் கம்பியை அதிர வைக்கும், அந்த அதிர்வைக் கிட்டார்ல இருக்கிற பிக்கப் திரும்ப ஆம்ப்புக்கே அனுப்பும். யாரும் தொடாமலே கிட்டார் தானா பாட ஆரம்பிச்சுடும்.

லூ ரீட் பண்ணது இதைத்தான். நியூயார்க்குல தன்னோட வீட்டுலயே, வெவ்வேறு விதமா சுருதி கூட்டின கிட்டார்களைப் பெரிய ஆம்ப்ளிஃபையர்களுக்கு முன்னாடி சாய்ச்சு வெச்சுட்டார். அதுங்க பாட்டுக்குக் கத்த ஆரம்பிச்சதை டேப்புல பிடிச்சு, வேகத்தைக் கூட்டியும் குறைச்சும், எதிரொலி சேர்த்தும், ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினார். ஸ்டீரியோவுல இடது காதுக்கு ஒரு இரைச்சல், வலது காதுக்கு வேற இரைச்சல். ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

காலேஜ்ல கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாசிட்டிவ் ஃபீட்பேக் வந்தா சிஸ்டம் நிலைகுலைஞ்சுடும், அந்தப் பக்கமே போகாம டிசைன் பண்ணணும்னு மண்டையில அடிச்சு அடிச்சு சொல்லிக் கொடுப்பாங்க. இந்த மனுஷன் அந்த நிலைகுலைஞ்ச பகுதியிலேயே வீடு கட்டிக் குடி போயிட்டார்.

தட்டுக்கு நாலு பக்கம். ஒவ்வொரு பக்கமும் 16 நிமிஷம் 1 விநாடின்னு போட்டிருக்கும். நாலாவது பக்கத்துக் கடைசியில ஒரு குசும்பு வேற உண்டு. அங்க இருக்கிற வரிப்பள்ளம் ஒரு முழு வட்டமா மூடிக்குது. ஊசி அதுக்குள்ள மாட்டிக்கிட்டு, நீங்களா எழுந்து போய்த் தூக்குற வரைக்கும் அதே ரெண்டு விநாடி இரைச்சலைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டே இருக்கும். நம்ம பாஷையில சொன்னா, பிரேக் எழுதாத வைல் லூப்.

யாரு இந்த ஆளு?

இது எவனோ ஊர் பேர் தெரியாத பையன் போட்ட கேசட்டா இருந்திருந்தா இவ்வளவு ரகளை ஆகியிருக்காது. லூ ரீட் 1960-கள்ல 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவோட பாடகர், பாடலாசிரியர். அந்தக் குழுவுக்கு இரைச்சல் புதுசு இல்லை. 1968-ல வந்த அவங்களோட ரெண்டாவது ஆல்பத்துல 'சிஸ்டர் ரே'ன்னு 17 நிமிஷத்துக்கு ஒரு பாட்டு இருக்கு. கிட்டாரும் ஆர்கனும் ஒண்ணை ஒண்ணு அமுக்கப் பார்க்கிற மல்யுத்தம் அது.

அந்தக் குழுவுல இருந்த ஜான் கேல் அதுக்கு முன்னாடி லா மான்டே யங் என்கிற இசையமைப்பாளரோட வாசிச்சவர். ஒரே ஒரு ஸ்வரத்தை மணிக்கணக்கா நிறுத்தி வெச்சு, அதுக்குள்ள என்னென்ன கேக்குதுன்னு கவனிக்கிறது யங்கோட வழி. பின்னாடி 1970-ல இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்துக்கே சிஷ்யராப் போய்ச் சேர்ந்தார். தம்புரா கேட்டு வளர்ந்த நமக்கு இந்த விஷயம் அவ்வளவு அந்நியம் இல்லை. நாலே கம்பி, மாறாத சுருதி, ஆனா காதைக் கொடுத்தா உள்ளுக்குள்ள ஒரு உலகமே ரீங்காரம் போட்டுக்கிட்டு இருக்கும். மெட்டல் மெஷின் மியூசிக் தட்டு அட்டைக் குறிப்புல லூ ரீட் யங்கோட பேரைக் குறிப்பிட்டிருக்கார். அதாவது, இந்த இரைச்சலுக்கு ஒரு பரம்பரை இருந்தது.

ஆனா 1975-ல தட்டு வாங்கின ரசிகனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்ச லூ ரீட் வேற. 1972-ல டேவிட் பவியும் மிக் ரான்சனும் தயாரிச்ச 'டிரான்ஸ்ஃபார்மர்', அதுல ரேடியோவுல ஓடு ஓடுன்னு ஓடின 'வாக் ஆன் த வைல்ட் சைட்', 1974-ல அமெரிக்கப் பட்டியல்ல 10-வது இடம் வரைக்கும் போன 'சாலி கான்ட் டான்ஸ்'. புதுத் தட்டோட அட்டையில கறுப்பு லெதர், கூலிங் கிளாஸ், அதே ராக் ஸ்டார் தோரணை. எலக்ட்ரானிக் இசைக்கோர்வைன்னு ஒரு வரி அட்டையில இருந்தது வாஸ்தவம்தான். அட்டையில சின்ன எழுத்துல இருக்கிறதை யாரு படிக்கிறா? சாஃப்ட்வேர் லைசென்ஸை முழுசாப் படிச்சுட்டா நாம "ஒப்புக்கொள்கிறேன்" அமுக்குறோம்?

இந்த இடத்துல ரசிகன் கோபப்பட்டதுல தப்பே இல்லை. காசு கொடுத்து வாங்கினவன், தலைவாழை இலை போட்டு உக்காந்தவன், இலையில ஆணியும் ஸ்குரூவும் விழுந்தா கத்தத்தான் செய்வான்.

விமர்சகர்கள் என்ன சொன்னாங்க?

ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில ஜேம்ஸ் வுல்காட் எழுதினார். பிரபஞ்ச அளவுல ஒரு ஃப்ரிட்ஜ் இருந்து, அது குழாய் குழாயா முனகினா எப்படி இருக்கும், அப்படி இருக்குன்னார். பஸ் ஸ்டாண்டுல ஒரு ராத்திரியைக் கழிக்கிற அளவுக்கு இம்சைன்னும் சொன்னார். பில்லி ஆல்ட்மன் என்கிற விமர்சகர், ஒரு அறையில இருக்கிற மனுஷங்களைச் சாதனை நேரத்துல வெளியேத்த இதுதான் கருவி என்கிற மாதிரி எழுதினார்.

ரெண்டாவது கதைக்காரங்க இந்த வரிகளைத்தான் "பாருங்க, எவ்வளவு முட்டாள்தனம்"னு எடுத்துக் காட்டுவாங்க. நான் சொல்றேன், வுல்காட் எழுதினது அருமையான விமர்சனம். ஏன்னா அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கார். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் சமையலறையில ஃப்ரிட்ஜ் ஓடுறதைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரு அடிச்சுருதி இருக்கும், அது மேல சன்னமா இன்னொரு ஒலி துடிக்கும், நடுவுல கம்ப்ரஸர் மாறும்போது மொத்த நிறமும் மாறும். மெட்டல் மெஷின் மியூசிக்ல நடக்கிறது அதேதான், பல மடங்கு வேகத்துல, பல மடங்கு சத்தத்துல. அவரு திட்டுறதுக்காக எடுத்த உவமை, அந்த ஆல்பத்தைப் பத்தின துல்லியமான வர்ணனையா அமைஞ்சுடுச்சு.

நான் இந்த ஆல்பத்துக்கு வந்ததே அந்த வரி வழியாத்தான். "பிரபஞ்ச ஃப்ரிட்ஜா? இதைக் கேட்டே ஆகணுமே"ன்னுதான் தேடிப் போனேன். "காலத்தை வென்ற படைப்பு"ன்னு யாராவது எழுதியிருந்தா, சத்தியமா, தொட்டிருக்க மாட்டேன். காலத்தை வென்ற படைப்புகள் ஏற்கெனவே ஒரு டெராபைட் கேக்காம கிடக்கு.

இதுல இருந்து நான் ஒரு டெஸ்ட் கேஸ் எழுதி வெச்சிருக்கேன். ஒரு விமர்சனம் திட்டினாலும், அதைப் படிக்கிற ஆயிரம் பேர்ல அந்தப் படைப்பு யாருக்குப் பிடிக்குமோ அந்த நாலு பேருக்கு "அட, இது நமக்கானது"ன்னு தெரிஞ்சுடணும். தெரிஞ்சா பாஸ். தெரியலைன்னா அது விமர்சனம் இல்லை, எழுதினவரோட அன்னிக்கு மூடு பத்தின செய்தி. வுல்காட் பாஸ். ஆல்ட்மன் ஃபெயில்னு சொல்ல மாட்டேன், ஜஸ்ட் பாஸ்.

அடுத்தது லெஸ்டர் பேங்ஸ். 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' படம் (2000) பார்த்தவங்களுக்குத் தெரியும், ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் நடிச்சாரே, அந்த மீசைக்கார விமர்சகர். 'கிரீம்' பத்திரிகையில 1976-ல இந்த ஆல்பத்தைப் பத்தி எழுதின கட்டுரைக்கு அவர் வெச்ச தலைப்பு: உலகத்துலேயே மகத்தான ஆல்பம். கிண்டலா நிஜமான்னு இன்னிக்கும் சண்டை போடலாம். ராத்திரி குடிச்சுட்டு மண்டை பிளக்க எழுந்திரிக்கிற காலைக்கு இதுதான் மருந்து என்கிற ரேஞ்சுல காரணங்கள் அடுக்குறார். ஆனா அந்தக் கேலிக்கு நடுவுல ஒரு விஷயம் சொல்றார். கிட்டார்ல நடந்த நல்ல காரியமே ஃபீட்பேக்தான்னு நினைக்கிறவனா நீ, அப்படின்னா லூ உனக்காகக் கிட்டாரையே தூக்கி எறிஞ்சுட்டார் என்கிற அர்த்தத்துல. நாலு பத்தி எழுத வேண்டியதை ஒரே வரியில முடிச்சுட்டார். திட்டினவர் வுல்காட், தலையில தூக்கி வெச்சு ஆடினவர் பேங்ஸ். ஆனா ரெண்டு பேர் எழுத்தையும் படிச்சா நமக்குக் கிடைக்கிறது ஒரே ஆல்பம். அதுதான் முக்கியம்.

வெட்டிப் பேச்சு எங்க ஆரம்பிக்குது?

வெட்டித் திட்டு, வெட்டிப் பாராட்டு ரெண்டுக்கும் தொடக்கம் ஒரே கேள்வி: "லூ ரீட் இதை சீரியஸா பண்ணாரா, விளையாட்டுக்குப் பண்ணாரா?"

கம்பெனியோட ஒப்பந்தத்தை முறிக்கத்தான் வேணும்னே குப்பையைக் கொடுத்தார்னு ஒரு தியரி ரொம்ப வருஷமா ஓடுது. இதுல ஒரு பக் இருக்கு. இதுக்கடுத்து அவர் போட்ட 'கோனி ஐலண்ட் பேபி' ஆல்பமும் அதே ஆர்சிஏ மூலமாத்தான் வந்தது. போதையில பண்ணார்னு இன்னொரு தியரி. அந்தக் காலத்து ராக் ஆல்பங்கள்ல போதை கலக்காததை மட்டும்தான் கேப்பேன்னு கிளம்பினா, அலமாரி காலியாயிடும்.

சரி, சம்பந்தப்பட்டவரையே கேட்டுடலாமேன்னா, அவரு நம்மளை விடப் பெரிய குழப்பவாதி. ஒரு தடவை பேங்ஸ்கிட்ட இந்த இரைச்சலுக்குள்ள பீத்தோவன் சிம்பொனியெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னார். நாலாவது பக்கம் வரைக்கும் கேட்டவன் என்னை விட முட்டாள் என்கிற மாதிரி அவர் சொன்னதாவும் ஒரு பேச்சு உண்டு. அப்புறம் வயசான காலத்துல, இல்லை இல்லை, மனசாரப் பண்ணதுன்னார். எந்த வாக்குமூலத்தை எடுத்துக்கிறது?

எதையும் எடுத்துக்க வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். ஒரு புரோகிராம் எழுதினவன் என்ன மனநிலையில எழுதினான்னு நாம கோடு ரிவ்யூல கேக்கிறதில்லை. ஓட விட்டா என்ன பண்ணுதுன்னுதான் பார்க்கிறோம். எழுதினவனோட நோக்கத்தைத் தேடிப் போற விமர்சனத்துல ஒரு சௌகரியம் இருக்கு: ஆல்பத்தைக் கேக்கவே வேண்டியதில்லை. பேட்டியைப் படிச்சா போதும். "கிண்டல்"னு ஒதுக்குறவனும் கேக்கலை, "கலகம்"னு கும்பிடுறவனும் கேக்கலை.

ஓட விட்டுப் பார்த்தவங்க

உள்ள ஏதாவது இருக்கா இல்லையான்னு சோதிச்சுப் பார்த்த ஒரு கோஷ்டி நிஜமாவே இருக்கு. ஜெர்மன் சாக்ஸஃபோன் கலைஞர் உல்ரிச் கிரீகர். இவர் அந்த இரைச்சலை உக்காந்து கேட்டு, இசைக்குறிப்பா எழுத ஆரம்பிச்சார். பெர்லினோட 'சைட்கிராட்சர்' என்கிற குழு வாசிக்கிறதுக்காக. வயலின், அக்கார்டியன், பியானோ, டியூபா, சாக்ஸஃபோன்னு சாதாரண வாத்தியங்கள். லூ ரீட்கிட்ட அனுமதி கேட்டப்போ, இதையெல்லாம் எழுதி வாசிக்க முடியாதுன்னு அவரே நம்பலை. ஒரு சின்னப் பகுதியை வாசிச்சு அனுப்பினாங்க. கேட்டவர் அசந்து போய் சரின்னுட்டார். 2002-ல பெர்லின் மேடையில வாசிச்சாங்க, கடைசிப் பகுதியில லூ ரீட்டே கிட்டாரோட வந்து சேர்ந்துக்கிட்டார். 2007-ல அது ஆல்பமாவும் வந்தது.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 27 வருஷமா "உள்ள ஒண்ணுமே இல்லை", "உள்ள எல்லாமே இருக்கு"ன்னு ரெண்டு கோஷ்டி கத்திக்கிட்டு இருந்தப்போ, ஒருத்தர் உக்காந்து என்ன இருக்குன்னு எழுதிக் காட்டினார். இது லூ ரீட்டோட நோக்கத்தை நிரூபிக்காது. இது மாஸ்டர்பீஸ்னும் நிரூபிக்காது. ஆனா காது கொடுத்தா பிடிபடுற விஷயங்கள் அதுல இருக்கு, அதை இன்னொருத்தர் திரும்ப உருவாக்கிக் காட்ட முடியும்னு காட்டிடுச்சு. விமர்சனம்னா என்னைப் பொறுத்தவரை அதுதான்.

என் கணக்கு என்னன்னு கேக்கிறவங்களுக்கு: முழுசா மூணு தடவை கேட்டிருக்கேன். ஹெட்ஃபோன்ல, பில்ட் ஓடிக்கிட்டு இருக்கிற நேரத்துல. முதல் அஞ்சு நிமிஷம் பல் டாக்டர் நாற்காலி. பத்தாவது நிமிஷத்துல, மேல் ஸ்தாயியில பறவைக் கூட்டம் மாதிரி சின்னச் சின்ன கீச்சுகள் தனியாப் பிரிஞ்சு கேக்க ஆரம்பிக்குது. வாசிக்கப்படாத மெட்டுகளை மூளை தானாக் கோர்த்துக்குது. அது நிஜமாவே ஒரு ஆச்சரியம். அதே ஆச்சரியத்தை மூணாவது பக்கத்துல மறுபடி கொடுக்கும்போது கொட்டாவி வருது. என்னைக் கேட்டா முதல் 16 நிமிஷமே போதும். மாஸ்டர்பீஸ் கோஷ்டி என்னை மன்னிக்கட்டும்.

மார்க் போடுற வியாதி

இப்போ அந்த "காலம் பதில் சொல்லிடுச்சு" கதைக்கு வர்றேன். 2017-ல பிட்ச்ஃபோர்க் இணையதளம் இந்த ஆல்பத்துக்கு 10-க்கு 8.7 கொடுத்தது. நல்ல கட்டுரைதான். ஆனா அந்த 8.7-ஐ எடுத்துக்கிட்டு "ஜெயிச்சுட்டோம்"னு கொண்டாடுறவங்களைப் பார்த்தா சிரிப்பு வருது. அந்த நம்பர் யாருக்கு என்ன சொல்லுது? இன்னிக்கும் நூறு பேருக்குப் போட்டுக் காட்டினா, தொண்ணூறு பேர் ஓடத்தான் போறாங்க. அவங்க ஓடுறதுல தப்பும் இல்லை. 8.7 பார்த்துட்டு ஆசையா வர்றவனை விட, பிரபஞ்ச ஃப்ரிட்ஜ்னு படிச்சுட்டு வர்றவன்தான் தெரிஞ்சுக்கிட்டு வர்றான்.

இதே தளம் கொடுத்த இன்னொரு மார்க் இன்னும் பிரபலம். சோனிக் யூத். நாய்ஸ் ராக்னு சொன்னாலே முதல்ல ஞாபகம் வர்ற நியூயார்க் குழு. 1999 ஜூலையில கலிஃபோர்னியாவுல அவங்களோட வாத்தியங்கள் இருந்த லாரியையே திருடிட்டாங்க. வருஷக்கணக்கா ஒவ்வொண்ணுக்கும் ஒரு தனி சுருதி வெச்சுப் பழக்கின கிட்டார்கள் எல்லாம் போச்சு. மிச்சம் மீதி இருந்த பழைய கிட்டார்களை வெச்சு, கவிதை வாசிப்பும் இரைச்சலுமா 2000-ல 'என்ஒய்சி கோஸ்ட்ஸ் அண்ட் ஃப்ளவர்ஸ்' போட்டாங்க. பிட்ச்ஃபோர்க் கொடுத்த மார்க் 0.0. ரெண்டே வருஷம் கழிச்சு 2002-ல அதே தளம் 1980-களின் தலைசிறந்த ஆல்பங்கள்னு ஒரு பட்டியல் போட்டது. அதுல முதல் இடம் இதே குழுவோட 'டேட்ரீம் நேஷன்' (1988).

ஒரே குழு, ஒண்ணுக்கு முட்டை, ஒண்ணுக்கு முதலிடம். இருக்கலாம், தப்பில்லை. என் பிரச்சினை வேற. அந்த 0.0 இருக்கிற விஷயம் இசை பேசுற எல்லாருக்கும் தெரியும். அந்த விமர்சனத்துக்குள்ள என்ன எழுதியிருந்ததுன்னு கேட்டா பெரும்பாலானவங்க முழிப்பாங்க. மார்க் கட்டுரையைச் சாப்பிட்டுடுச்சு. வுல்காட் மார்க் போடாம ஒரு உவமை கொடுத்தார். அம்பது வருஷமா அது ஞாபகம் இருக்கு.

லூ ரீட்டுக்கே இது மறுபடியும் நடந்தது. 2011-ல மெட்டாலிகா குழுவோட சேர்ந்து 'லுலு'ன்னு ஒரு ஆல்பம் போட்டார். வேடகிண்டோட ஜெர்மன் நாடகங்களை வெச்சு எழுதின பாட்டுகள், கீழே மெட்டாலிகாவோட கனமான கிட்டார், மேலே ஒரு கிழவர் பேசுற மாதிரி பாடுறது. பிட்ச்ஃபோர்க் 1.0 கொடுத்தது. மெட்டல் ரசிகர்கள் கும்மு கும்முன்னு கும்மினாங்க. 2013 அக்டோபர் 27-ல லூ ரீட் காலமாயிட்டார். 2015-ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவுல அவரோட மனைவி லாரி ஆண்டர்சன் பேசும்போது, லூவோட மகத்தான படைப்பு 'லுலு'தான்னு டேவிட் பவி தன்கிட்ட சொன்னதைச் சொன்னாங்க. உடனே அடுத்த பல்டி ஆரம்பம். பவி சொல்லிட்டாராமே, அப்போ அது நல்ல ஆல்பம்தான்னு கிளம்பிட்டாங்க. யாரோ 1.0 சொன்னப்பவும் கேக்கலை, பவி சொன்னப்பவும் கேக்கலை. மேலிடத்து உத்தரவு மாறிச்சு, அவ்வளவுதான்.

நமக்கென்ன இதுல?

"எல்லா இரைச்சலையும் பொறுமையா உக்காந்து கேக்கணுமா, வேற பொழப்பு இல்லையா"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. கேக்க வேண்டாம். பாதியில அணைக்கலாம், பிடிக்கலைன்னா விட்டுடலாம், எழுதாமலே இருக்கலாம். ஆனா எழுதுறதுன்னு உக்காந்துட்டா, கேட்டதை எழுதுங்க. அவ்வளவுதான் என் கோரிக்கை.

பெரிய ஸ்டாருக்கு ஒரு மோசமான விமர்சனம் ஒண்ணும் பண்ணாது. லூ ரீட்டுக்கு அடுத்த ஆல்பம் இருந்தது, அதுக்கடுத்தும் இருந்தது. ஆனா முன்னூறு பிரதி போட்டு நண்பர்கள் மூலமா விக்கிற சின்னக் குழு ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்குங்க. அவங்களைப் பத்தி மொத்தமே ரெண்டு விமர்சனம்தான் வரும். ரெண்டும் "காது வலி, ஆளை விடுங்கடா சாமி"ன்னு முடிஞ்சுட்டா, அந்த இசை எப்படி இருந்ததுன்னு எங்கயுமே பதிவாகாது. அந்த இசைக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற நாலு பேருக்கு அது போய்ச் சேராது. அதையே "கிரைண்டர்ல கூழாங்கல்லைப் போட்டு, பக்கத்துல ஒருத்தர் ஒப்பாரி வெச்ச மாதிரி இருக்கு, ஆளை விடுங்கடா சாமி"ன்னு எழுதிப் பாருங்க. திட்டினதுல ஒரு துளி குறையலை. ஆனா இப்போ எங்கயோ ஒருத்தன் நிமிர்ந்து உக்காருவான்: "கூழாங்கல்லா? லிங்க் எங்கப்பா?"

இன்னிக்கு எல்லாமே ஒரு கிளிக்ல கேக்கக் கிடைக்குது, விமர்சனமே தேவையில்லைன்னு ஒரு வாதம் உண்டு. எனக்கு அது தலைகீழாப் படுது. எல்லாமே கிடைக்கும்போதுதான், எதைக் கிளிக் பண்றதுன்னு சொல்ல காதுள்ள ஆள் வேணும். அவர் ரசிகரா இருக்கணும்னு அவசியமே இல்லை. எதிரியா இருந்தாலும் சரி, என்ன கேட்டுச்சுன்னு சொல்லத் தெரிஞ்ச எதிரியா இருந்தா போதும்.

அதனால மக்களே, அடுத்த தடவை ஒரு மொக்கைப் படத்தையோ பாட்டையோ பிரிச்சு மேயும்போது, பப்ளிஷ் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி அந்த டெஸ்ட் கேஸை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. நீங்க திட்டினதைப் படிச்சுட்டு, இதைப் பிடிக்கக்கூடிய ஒருத்தன் இதைத் தேடிப் போவானா? போவான்னா தாராளமாத் திட்டுங்க. இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே திட்டுங்க.

உங்களுக்கு இப்படி ஒரு திட்டு வழியா அறிமுகமாகி, பின்னாடி பிடிச்சுப் போன ஆல்பமோ படமோ புத்தகமோ இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அந்தத் திட்டு என்னன்னும் மறக்காம சொல்லணும்.

பி.கு: பதிவைப் படிச்சுட்டு யாராவது கேக்கக் கிளம்பினா, வால்யூமைக் கால்வாசியில வெச்சு ஆரம்பிங்க. வீட்டுல பெரியவங்க தூங்குற நேரத்துல ஸ்பீக்கர்ல போட்டு, ஃப்ரிட்ஜ் வெடிச்சுடுச்சுன்னு எழுந்து ஓடி வந்தாங்கன்னா கம்பெனி பொறுப்பாகாது :)